விசில் நின்ற புதன்கிழமை

கப்பல் சமையல்காரன் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றுதான் குழந்தைக்கு அந்தச் சத்தம் வந்தது. பெட்டியை வாசலில் வைத்து ஒரு காலில் செருப்பையும் மாட்டிக்கொண்டவன், மனசு கேட்காமல் தொட்டிலைப் பார்க்கத் திரும்பி வந்தான். பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத பெண் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் எங்கேயோ, எண்ணெய் காணாத கதவு போல மெல்லிசாக ‘கிறீச்’ என்றது.

“என்ன இது, எலியா?” என்று அவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

“எலி இல்லைங்க. இவதான்” என்றாள் அவன் மனைவி.

இருவரும் குனிந்து நின்று கேட்டார்கள். வெளியே விடும் மூச்சில் சத்தமே இல்லை. இழுக்கும்போது மட்டும் கிறீச். அவன் முகம் சுண்டிப்போனது. வாசலில் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான்.

“அப்பன் ஊரைச் சுத்தப் போறான்னு தெரிஞ்சு விசில் அடிக்கறா, கெட்டிக்காரி” என்றாள் அவனுடைய அக்கா, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு. “நீ கிளம்புடா. கப்பல் என்ன உன் மாமனார் வீட்டு வண்டியா, நிறுத்தி வைக்க?”

அவன் போனான். டாக்ஸி திரும்பும் வரை ஜன்னலில் கைகாட்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பி வந்து தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிறீச். கிறீச். அன்று ஆரம்பித்த பயம்.

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறவள். ஆரம்பத்தில் அவளும் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்தவள்தான். மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அதற்குள் சூப்பர்வைசர் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தானே திறந்தாள். திறந்தது திறந்ததுதான், பிறகு அவள் காலர் பக்கம் போகவே இல்லை. அந்தக் கூடத்தில் ஆண் மெக்கானிக்குகளை எல்லாம் விட்டுவிட்டு எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். “டாக்டரம்மா, இங்க ஒண்ணு முனகுது!” “டாக்டரம்மா, என் மெஷினுக்குச் சளி பிடிச்சிருக்கு!”

ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற மெஷின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வாள். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் உள்ளே எது எதோடு உரசுகிறது என்று சொல்லிவிடுவாள். ஒரு சொட்டு எண்ணெய், ஒரு திருகு, சத்தம் நிற்கும். “போச்சு” என்பாள். சத்தம் போனால் கோளாறு போச்சு. அவ்வளவுதான் அவள் கணக்கு.

ஒரே ஒரு கோளாறு மட்டும் அவள் காதுக்கு அகப்படாது. தையல் தாவுவது. மெஷின் வழுக்கிக்கொண்டு ஓடும், ஊசி ஏறும், இறங்கும், துணி நகரும். ஆனால் கீழே நூல் மாட்டாது. தைக்கிறவள் நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே ஒரு சட்டையின் முழு நீளத்தையும் தைத்து முடித்து, கையில் எடுத்தால் துணி இரண்டாகப் பிரிந்து விழும். ஆனாலும் அது அபூர்வம் என்பதால் அவள் அதைப் பெரிதாக மதித்ததில்லை.

குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆனபோது சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. பால் குடிக்கும்போது அதிகம், அழும்போது அதைவிட அதிகம், மல்லாக்கப் போட்டால் ரொம்ப அதிகம். கவிழ்த்து முன்கையில் கிடத்திக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவள் பகலெல்லாம் குழந்தையை ஒரு கையில் தாங்கிக்கொண்டே நடமாடினாள். நாத்தனார் குழந்தைக்கு விசில் என்றே பெயர் வைத்துவிட்டாள். மாடிப்படியில் ஏறிவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட “விசில் முழிச்சிருக்கா போல” என்று பேசிக்கொண்டு போனார்கள்.

குழந்தை டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார், வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

“குரல்வளை இன்னும் இளசா இருக்குமா. காதோட மடலைத் தொட்டுப் பாருங்க, எவ்வளவு வளைஞ்சு கொடுக்குது? அது மாதிரிதான் அதுவும். மூச்சை இழுக்கறப்போ மேல இருக்கற மடிப்பு உள்ள சாயுது. அந்தச் சந்து வழியா காத்து போறப்போ சத்தம் வருது.”

“எண்ணெய் மாதிரி ஏதாவது மருந்து…?”

டாக்டர் சிரித்தார். “மருந்து வேண்டாம். வளர வளர விறைப்பாயிடும். சத்தம் குறைஞ்சுகிட்டே வரும். ஒண்ணரை, ரெண்டு வயசுல இருக்கற இடமே தெரியாது. ஆனா ஒண்ணு. எடை ஏறுதான்னு பாக்கணும். கழுத்துக் குழியும் விலாவும் உள்ள இழுக்குதான்னு பாக்கணும். உதடு நிறம் மாறினா உடனே வரணும்.”

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் காதில் வாங்கிக்கொண்டது ஒன்றைத்தான். சத்தம் குறைந்துகொண்டே வரும். கப்பல்காரன் ஏதோ துறைமுகத்திலிருந்து பேசியபோது அதையே சொன்னாள். “குறையுமாம்ங்க. தானாவே போயிடுமாம்.”

“போனை அவ பக்கத்துல வை. கேக்கறேன்.”

வைத்தாள். கிறீச். கிறீச். கிறீச். கடல் கடந்து அவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். “குறைஞ்ச மாதிரி இல்லையே” என்றான்.

அதன்பிறகு வந்த நாட்களில் அவள் காதாலேயே வாழ்ந்தாள். பாத்திரம் கழுவினால் குழாயை மூடி மூடித் திறப்பாள். குளிக்கும்போது கதவைத் தாழிட மாட்டாள். இன்று நேற்றைவிட ஒரு இழை குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. பிறந்தபோது தானே தைத்துப் போட்ட முன்பக்கம் பட்டன் வைத்த பருத்திச் சட்டை குழந்தைக்கு இன்னும் அளவாகவே இருந்தது. “தச்சா உன்னை மாதிரி தைக்கணும், மாசக்கணக்கா அதே சட்டை பத்துது” என்று நாத்தனார் ஒருநாள் சொன்னாள். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது நாத்தனார்தான் கைகொடுத்தாள். அவளுக்குச் சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுண்டர் வேலை, மத்தியானத்துக்கு மேல்தான் போக வேண்டும். அதுவரை அவள் பார்த்துக்கொள்வாள். காலை ஷிஃப்ட் முடிந்து தாய் வந்ததும் குழந்தையைக் கைமாற்றிவிட்டுக் கிளம்புவாள். வாய் நீளமே தவிர, குழந்தையை அவள் இடுப்பிலிருந்து இறக்கமாட்டாள்.

அந்த வாரம் குழந்தைக்குச் சளி பிடித்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சத்தம் வீட்டையே அறுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தை தலையைப் பின்னால் சாய்த்து இழுத்தது. பால் இரண்டு வாய் குடித்துவிட்டு மார்பை விட்டுவிடும். வியாழக்கிழமை டாக்டர் வருவார், முதல் ஆளாகப் போய்விடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் கம்பெனி வேன் அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டது. படியேறினாள். வழக்கமாக முதல் மாடித் திருப்பத்திலேயே விசில் கேட்டுவிடும். அன்று கேட்கவில்லை. அடுத்த படியில் நின்றாள். கேட்கவில்லை. மீதிப் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

நாத்தனார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“மெதுவா வா, பேய் துரத்துதா? உன் விசில் ஒருவழியா வாயை மூடிட்டா.”

“அண்ணி, என்ன சொல்றீங்க?”

“காலையில இருந்தே குறைஞ்சுகிட்டு வந்துது. இப்போ சுத்தமா இல்ல. போய்ப் பாரு, ராஜகுமாரி மாதிரி தூங்கறா.”

தொட்டிலில் குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. குனிந்து காதை வாயருகே கொண்டுபோனாள். கிறீச் இல்லை. சட்டை மேலும் கீழும் அசைந்தது, மூச்சு இருக்கிறது. சத்தம் இல்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது. போனை எடுத்துத் தூங்கும் குழந்தையைப் படம் பிடித்துக் கப்பல்காரனுக்கு அனுப்பினாள். ‘சத்தம் போச்சுங்க. டாக்டர் சொன்ன மாதிரியே.’

“அழுதது போதும், கொஞ்சம் படு. நீ தூங்கி எத்தனை நாளாச்சு? கண்ணைப் பாரு, கோவைப்பழம்” என்று சொல்லிவிட்டு நாத்தனார் செருப்பைத் தேடினாள்.

அவளும் படுக்கத்தான் போனாள். பாயைத் தொட்டிலோடு ஒட்டிப் போட்டு, குழந்தையின் மார்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இத்தனை அமைதியில் அந்த வீட்டில் அவள் கண்மூடியதே இல்லை. தூக்கம் வெல்லமாக இனித்துக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் போயிருந்தால் ஆழ்ந்து தூங்கியிருப்பாள். பிற்காலத்தில் அவளால் நினைத்துப் பார்க்க முடியாமல் போன இடம் அதுதான்.

விரலுக்கு அடியில் சட்டைப் பட்டன் இருந்தது. மூச்சு உள்ளே போகும்போது அது மேலே வர வேண்டும். அது கீழே போனது. குழிக்குள் விழுவதுபோல் உள்ளே போய், பிறகு மெல்ல வந்தது. வயிறு ஒரு பக்கம் எழும்பியது, மார்பு மறுபக்கம் இறங்கியது. அவள் கண்ணைத் திறக்காமலே அதைக் கவனித்தாள். இறங்குது. ஏறுது. இறங்குது.

ஊசி இறங்குது, தையல் விழலை.

விருட்டென்று எழுந்து சட்டையைத் திறந்தாள். கழுத்துக் குழியில் ஒரு பட்டாணி உட்காரும் பள்ளம். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே ஒட்டி ஒட்டி விலகியது. நெற்றி நனைந்திருந்தது. உதடு சாம்பல் பூத்திருந்தது. மூக்குக்கு நேரே உள்ளங்கையை வைத்தாள். மார்பு அவ்வளவு பாடுபடுகிறது. கையில் காற்றே படவில்லை.

தூக்கினாள். தலை துவண்டு தோளில் விழுந்தது. அழவில்லை.

“அண்ணீ!”

நாத்தனார் பாதிப் படியில் இருந்தாள். அந்தக் குரலுக்கு ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள். குழந்தையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்த் தெருவே திரும்பும்படி கத்தினாள். “வேன் அண்ணே! வேனைத் திருப்பாதே! நில்லு!”

வேன்காரர் முனைக் கடையில் டீ வாங்கிக்கொண்டிருந்தார். டம்ளரோடு ஓடிவந்தார்.

அந்தப் பயணத்தில் அவளுக்கு நினைவிருந்ததெல்லாம் வேனுக்குள் கிடந்த துணி மூட்டைகளும் முன்கையில் கவிழ்ந்து கிடந்த கனமில்லாத உடம்பும்தான். எத்தனை மாதம் அடங்கு அடங்கு என்று வேண்டிக்கொண்ட சத்தம் அது. இப்போது குழந்தையின் காதுக்குள், “கத்துடி. ஒரு தடவை கத்துடி, என் தங்கம்” என்று கெஞ்சிக்கொண்டே போனாள். சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேன்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நாத்தனார் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்தபடி, “நான்தான் சொன்னேன், வாயை மூடிட்டான்னு. நான்தான் சொன்னேன்” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். “சரக்கு வண்டி அந்தப் பக்கம் போகணும்” என்றார். வேன்காரர் தலையை வெளியே நீட்டி, பழக்கதோஷத்தில், “யோவ், டாக்டரம்மா குழந்தைய்யா!” என்று அலறினார். கேட் உடனே திறந்தது. அந்தக் கூத்துக்கு அவர்கள் சிரித்தது வெகுநாள் கழித்துத்தான்.

நர்ஸ் குழந்தையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள். சின்னஞ்சிறு முகத்தை முகமூடி மறைத்தது. யார் யாரோ சூழ்ந்தார்கள். அவள் சுவரோடு நின்று கூட்டத்தின் முழங்கைகளுக்கு நடுவே ஒரு குட்டிப் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கறுப்பும் வெள்ளையும் இல்லாத ஒரு நிறத்தில் இருந்தது. மருந்துப் புகை சுற்றியது. பிறகு, அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து, பல்லி கத்துவதுபோல் சன்னமாக, ‘கிறீச்’.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தொண்டை டாக்டர் சின்ன உருவம் உள்ள பெண். பேசும்போது முகத்துக்கு நேரே பார்த்துப் பேசுவாள். “சத்தம் வர்றதுக்கும் காத்து வேணும்மா. சளியில வழி இன்னும் குறுகிப்போச்சு. இழுத்து இழுத்துப் பிள்ளை களைச்சிட்டா. காத்து உள்ள போகவே இல்லை, அப்புறம் எதை வெச்சு விசில் அடிப்பா?”

“நான் குணமாயிடுச்சுன்னு நினைச்சேன், டாக்டர்.”

“நிறைய பேர் அப்படித்தான் நினைக்கறாங்க. நீங்க தூங்கப் போகாம கூட்டிட்டு வந்தீங்களே.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தூங்கப் போனவள்தான் அவள்.

மூச்சுக்குக் குழாய் வைத்துச் சளி அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம் குரல்வளைக்கு மேலே உள்ளே சாய்கிற அந்த மடிப்பைக் கொஞ்சம் வெட்டித் தளர்த்துவோம் என்று டாக்டர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினாள். அவள் அந்தப் படத்தையே பார்த்தாள். “துணி குறுக்கால சுருங்கிப் பிடிச்சு இழுக்குது. ஓரத்துல ஒரு வெட்டுக் கொடுத்தா நிமிர்ந்துக்கும். அப்படித்தானே?” டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “கிட்டத்தட்ட அதேதான்” என்றாள். அது அவளுக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததால் பயம் குறையவில்லை. வெட்டு ஒரு நூல் தள்ளிப் போனால் துணி என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியுமே.

தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான் போன் அதிர்ந்தது. கப்பலுக்கு அன்றைக்குத்தான் சிக்னல் கிடைத்திருக்கிறது. படம் ஒன்று வந்தது. வெள்ளைத் தொப்பியோடு அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான், கையில் பெரிய தட்டு, சுற்றிலும் கப்பல்காரர்கள். ‘விசில் நின்னுடுச்சுன்னு எல்லாருக்கும் இனிப்பு செஞ்சு போட்டேன். கேப்டன் ரெண்டு தடவை கேட்டு வாங்கினார்.’

அவள் போனை நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் பார்த்தாள். “நீ விடு. நான் பேசிக்கறேன்” என்று எழுந்து வராந்தாக் கோடிக்குப் போனாள். தம்பியிடம் அவள் என்ன பேசினாள் என்பதை அங்கிருந்து கேட்க முடியவில்லை. சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்ற முதுகு மட்டும் தெரிந்தது.

வெட்டு தள்ளிப் போகவில்லை. குழந்தை வீட்டுக்கு வந்தது. பால் குடித்தது, கன்னத்தில் சதை பிடித்தது, பருத்திச் சட்டை ஒரே மாதத்தில் தோளில் ஏற மறுத்தது. சத்தம் போயே போய்விட்டது. அதுதான் இப்போது வேதனை. முன்பு சத்தம் இருக்கும்வரை பயம். இப்போது எந்த அமைதி நல்ல அமைதி, எந்த அமைதி கெட்டது? காதை நம்பியவளுக்குக் காது பொய்யாகிவிட்டது. மூக்கருகே கை வைத்துப் பார்ப்பாள், பட்டனைக் கழற்றிக் குழியைப் பார்ப்பாள், போர்வையை விலக்குவாள். குழந்தை வீல் என்று எழுந்து அழும். அதன்பிறகுதான் அவளுக்கு உயிர் வரும்.

“தூங்கற பிள்ளையை எழுப்பி, தூங்கறியான்னு கேக்கற ஒரே ஆள் உலகத்துலயே நீதான்” என்பாள் நாத்தனார். சொல்லிவிட்டு, அவள் பார்க்காத நேரத்தில் தானும் போய்க் கை வைத்துப் பார்த்துவிட்டு வருவாள்.

தொழிற்சாலையிலும் மாறிப்போனாள். சத்தம் நின்றதும் “போச்சு” என்று நகர்ந்துவிடுவதில்லை. ஒரு துண்டுத் துணியை ஓட்டி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். தையல் தாங்கினால்தான் அடுத்த மெஷின். “டாக்டரம்மா இப்போல்லாம் ஸ்கேன் எடுக்காம விடறதில்ல” என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

பெண் வளர்ந்தாள். கப்பல்காரன் விடுமுறைக்கு வந்து வந்து போனான். ஒவ்வொரு தடவையும் முதலில் குழந்தையை மடியில் வைத்துக் காதைத் தொண்டையில் ஒட்டிக் கேட்பான். ஒவ்வொரு சளிக்கும் வீடு நடுங்கும். ஐந்து வயதில் மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து குறட்டை விட ஆரம்பித்தபோது, தாய் அன்றே தொண்டை டாக்டரிடம் போய் நின்றாள். “இது வேற, இது பாதிப் பிள்ளைங்களுக்கு வரும், கவலைப்படாதீங்க” என்றாள் டாக்டர். அவள் கவலைப்பட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பெண் பையைக் கழற்றுவதற்கு முன்னால், யாரும் கேட்காமலே, முகவாயைத் தூக்கிக் கழுத்தைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றபோது வீட்டில் யுத்தம் நடந்தது. மலை, குளிர், இரண்டு நாள்.

“குளிர்ல சளி பிடிச்சா?”

“பிடிச்சா மூக்கைச் சிந்துவேன்.”

“மூச்சு திணறினா?”

“எப்பம்மா திணறிச்சு? எனக்கே ஞாபகம் இல்ல. உனக்குத்தான் திணறுது” என்றாள் பெண்.

நாத்தனார் நடுவில் புகுந்தாள். “போகட்டும் விடு. இவ வாயை மூடினாத்தான் நாம பயப்படணும்.” சொன்ன பிறகு தான் என்ன சொன்னோம் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு தாய் உள்ளே போய் ஸ்வெட்டரை எடுத்து வந்து பெட்டியில் வைத்தாள்.

பஸ் போனது. முதல் நாள் முழுக்கச் செய்தி இல்லை. மலையில் சிக்னல் கிடைக்காது என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்தும் அவள் போனை ஆயிரம் தடவை எடுத்துப் பார்த்தாள். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மெஷின்கள் எல்லாம் ஓய்ந்திருந்த கூடத்தில், டீச்சரின் எண்ணிலிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. காதில் வைத்தாள். முதலில் பேச்சே இல்லை. மூச்சு. வேகமாக, இரைந்து இரைந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருகிற மூச்சு. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குரல் வந்தது.

“அம்மா… நான்தான்… உச்சிக்கு ஏறிட்டோம்… மூச்சு வாங்குது, கேக்குதா? பயப்படாதே, எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் வாங்குது. இரு, டீச்சர்கிட்ட நீட்டறேன், கேளு…” யாரோ புஸ் புஸ்ஸென்று இரைக்கிற சத்தம், சுற்றிலும் பிள்ளைகளின் சிரிப்பு, ஏய் கொடுடி என்று ஒரு அதட்டல். “கேட்டியா? என்னைவிட அவங்களுக்குத்தான் ஜாஸ்தி. குழியை நானே தொட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல. அத்தைகிட்டயும் சொல்லிடு. வெச்சிடறேன்.”